நல்ல வடிவமைப்பு எது, நம் ரசனை எது? டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த மாதிரி ஆட்டங்களைப் பற்றியது?

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நகர்த்தும் ஆட்டங்கள். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தையும் எதிரிகளையும் பார்த்துக்கொள்வார். அடுத்து என்ன நடக்கும் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. எல்லோரும் டி அண்ட் டி என்றே சொல்கிறார்கள், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அதன் பின்னால் வந்த ஆட்டங்களுக்குக் கணக்கில்லை. எது நல்ல ஆட்டம் என்ற சண்டைக்கும் முடிவில்லை.

எனக்குப் பிடிக்காத விதியை மோசமான விதி என்று சொல்லலாமா?

சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன் அந்த விதி எதற்காக அங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஆட்டமும் ஏதோ ஒரு அனுபவத்தைத் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கை விதிகள் காப்பாற்றுகின்றனவா என்று கேட்டால் வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த அனுபவமே எனக்கு வேண்டாம் என்றால் ரசனையைப் பற்றிப் பேசுகிறீர்கள். இரண்டையும் பேசலாம், ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் சண்டை.

2005-இல் வந்த ட்ரெட் என்ற திகில் ஆட்டத்தில் பகடையே கிடையாது. மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரம் ஒன்று மேசை நடுவில் இருக்கும். ஆபத்தான காரியம் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால், சரித்தவருடைய பாத்திரத்தின் கதை முடிந்தது. ஆட்டம் போகப் போகக் கோபுரம் ஆட ஆரம்பிக்கும், கதையில் எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் விரலிலும் வரும். திகில் தருகிறேன் என்று சொன்ன ஆட்டம் திகிலைத் தந்துவிடுகிறது. எனக்குத் திகிலே வேண்டாம் என்பவர் வேறு ஆட்டத்துக்குப் போகலாம், ட்ரெட்டின் மேல் தப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. கை நடுக்கம் உள்ள ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்தால் அவருக்கு இந்த ஆட்டம் அநியாயமாகிவிடும். அதை ரசனை என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறோம் என்பதும் வடிவமைப்பாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

எல்லாமே ரசனைதானே? வடிவமைப்பு, பழுது என்றெல்லாம் ஏன் பேச வேண்டும்?

இந்தப் பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதில் சொன்னபடியே நடத்தி, ஆட்டம் சப்பென்று போனதும் 'எனக்கு நடத்த வரவில்லை' என்று தன்னையே நொந்துகொள்ளும் புதிய கேம் மாஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படியே ஒதுங்கிப் போனவர்களும் உண்டு. பழுது விதியில் இருந்தால் அதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

ரசனைக்கு இடமே இல்லாத ஒரு பழுதைக் காட்டுகிறேன். 1991-இல் வந்த வேம்பயர்: தி மாஸ்கரேட் ஆட்டத்தில் உங்கள் திறமைக்கு ஏற்ற எண்ணிக்கையில் 10 முகப் பகடைகளை உருட்டுவீர்கள். காரியம் எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் சிரம எண்ணைத் தொட்ட அல்லது தாண்டிய ஒவ்வொரு பகடையும் ஒரு வெற்றி. 1 விழுந்தால் ஒரு வெற்றி கழியும். கழித்த பிறகும் 1 மிச்சமிருந்தால் அது சாதாரணத் தோல்வி இல்லை, படுதோல்வி. துப்பாக்கி அடைத்துக்கொள்ளும், ஏறிய சுவர் இடியும்.

சிரம எண் 6 என்று இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதையே 10 ஆக்கிப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு பகடையிலும் பத்தில் ஒரு வாய்ப்பு வெற்றிக்கு, பத்தில் ஒரு வாய்ப்பு 1 விழுவதற்கு. ஒரே பகடை உருட்டும் கற்றுக்குட்டிக்குப் படுதோல்வி 10 சதவீதம். இரண்டு பகடை உருட்டுபவருக்கு 17. மூன்று உருட்டுபவருக்கு 22. அதாவது பயிற்சி கூடக் கூட ஜெயிப்பதும் கூடுகிறது, மானம் போகிற மாதிரித் தோற்பதும் அதே அளவு கூடுகிறது. கைதேர்ந்தவர் கற்றுக்குட்டியைவிட இரண்டு மடங்கு அடிக்கடி கவிழ வேண்டும் என்று யாரும் நினைத்து இதை எழுதியிருக்க முடியாது. பகடைக் கணக்கு அப்படி வந்து விழுந்துவிட்டது.

1998-இல் வந்த திருத்திய பதிப்பில், ஒரு வெற்றியாவது விழுந்திருந்தால் அது கழிந்துபோனாலும் படுதோல்வி இல்லை என்று மாற்றினார்கள். நல்ல திருத்தம். சிரம எண் 9-இல் பழைய விதிப்படி நான்கு பகடைக்குப் படுதோல்வி கிட்டத்தட்ட 19 சதவீதமாக இருந்தது 17-க்கு இறங்குகிறது, ஐந்தாவது பகடை சேர்ந்ததும் இன்னும் குறைகிறது. ஆனால் சிரமம் 10-இல் புதிய விதியைப் போட்டுப் பார்த்தால் மூன்று பகடை வரை ஏறக்குறைய பழைய எண்களே திரும்ப வருகின்றன. ஒரு பேப்பரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஆட்டம் பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் விடை ஒன்றேதான் வரும்.

இத்தனைக்கும் வேம்பயர் நான் மிகவும் மதிக்கும் ஆட்டம். நல்ல ஆட்டத்துக்குள் ஒரு பழுதான விதி இருக்கலாம்.

சரி, வெறும் ரசனை என்று அடித்துச் சொல்ல ஒரு உதாரணம்?

டிராவலர். மார்க் மில்லர் எழுதி 1977-இல் வந்த விண்வெளி ஆட்டம். அதில் பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே, அந்தப் பாத்திரம் செத்துப்போகலாம். கேள்விப்படுகிற எல்லோரும் சிரிப்பார்கள், 'இதைவிட மோசமான விதி உண்டா' என்பார்கள்.

விதி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பாத்திரத்துக்கு 18 வயது. கடற்படை, தரைப்படை, ஸ்கவுட் எனும் விண்வெளி ஆய்வுப் பணி, வணிகக் கப்பல் என்று ஏதாவது ஒரு பணியில் சேர்கிறார். பணி நான்கு நான்கு ஆண்டுகளாக நகரும். ஒவ்வொரு நான்காண்டிலும் திறமைகள் சேரும், அதோடு பிழைத்தாரா என்று இரண்டு பகடை உருட்ட வேண்டும். ஸ்கவுட் பணியில் 7 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். உடல் தாங்குதிறன் அதிகமுள்ளவருக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. மற்றவர்களுக்கு 36-இல் 21 வாய்ப்பு. தவறினால் பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அதிக நாள் பணியில் இருந்தால் முதுமை வேறு வந்து உடம்பைத் தேய்க்கும்.

இப்போது உங்கள் பாத்திரத்துக்கு 26 வயது, விமானி, கையில் இரண்டு மூன்று நல்ல திறமைகள். இன்னொரு நான்காண்டு போகலாமா? போனால் இன்னும் தேறலாம், மொத்தமாகவும் இழக்கலாம். மேசையில் எல்லோரும் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாத்திரம் உருவாக்குவதே ஒரு சூதாட்டம் ஆகிவிடுகிறது. பிழைத்து வந்தவருக்குப் பின்கதை என்று தனியாக எழுதவே வேண்டாம், எங்கே இருந்தார், எதில் தப்பினார் என்பதெல்லாம் தாளிலேயே இருக்கும். அனுபவமுள்ள, கொஞ்சம் அடிபட்ட ஆட்கள் வேண்டும் என்று விரும்பும் ஆட்டம் அந்த ஆட்களையே செய்து தருகிறது. என் கணிப்பில் இது கச்சிதமான விதி.

ஆனால், மனதுக்குள் ஏற்கெனவே ஒரு நாயகியை வரைந்து வைத்துக்கொண்டு, அவளைத்தான் விளையாட வேண்டும் என்று ஆசையோடு வருகிறவருக்கு இது ஆகவே ஆகாது. அவர் ஆசையில் தப்பில்லை, விதியிலும் தப்பில்லை. அவர் வேறு ஆட்டம் எடுப்பது நல்லது.

பழைய தேக்கோ முறை பற்றி என்ன சொல்கிறீர்கள்?

வடிவமைப்புக் குறைதான், ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியதில்லை. 1989-இல் வந்த டி அண்ட் டி இரண்டாம் பதிப்பில் ஒருவரின் பாதுகாப்பைக் காட்டும் எண்ணுக்கு ஆர்மர் கிளாஸ் என்று பெயர், அது குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். ஆர்மர் கிளாஸ் 0 உள்ளவரை அடிக்க 20 முகப் பகடையில் உருட்ட வேண்டிய எண்தான் தேக்கோ. தேக்கோ 18 உள்ள வீரன் ஆர்மர் கிளாஸ் 3 உள்ள எதிரியை அடிக்க 18-இல் 3 கழித்து 15 உருட்ட வேண்டும். எதிரியின் ஆர்மர் கிளாஸ் மைனஸ் 2 என்றால் கழித்தல் கூட்டலாகி 20 வேண்டும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஆர்மர் கிளாஸ் மேல்நோக்கிப் போனது. அதே வீரனுக்குத் தாக்குதல் கூட்டெண் 2, அதே எதிரியின் ஆர்மர் கிளாஸ் 17, உருட்ட வேண்டியது அதே 15. முடிவு மாறாமல் உழைப்பு மட்டும் குறைகிறது என்றால் பின்னது மேல். தேக்கோ மேல் பாசம் வைத்திருப்பவர்கள் வைத்திருக்கட்டும், சின்ன வயது ஞாபகம் அதில் ஒட்டியிருக்கிறது. அது வேறு விஷயம்.

டி அண்ட் டி நான்காம் பதிப்பு நல்லதா, கெட்டதா? இந்தச் சண்டை ஏன் ஓயவில்லை?

இரண்டு வேறு குறைகளை ஒரே மூச்சில் சொன்னதால்.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு கட்டங்கள் போட்ட வரைபடத்தில் திட்டமிட்டுச் சண்டை போடும் ஆட்டமாக டி அண்ட் டியை மாற்றியது. வீரன், மந்திரவாதி, திருடன் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைப்பில் சக்திகள்: எப்போதும் பயன்படுத்தக்கூடியவை, ஒரு சண்டைக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஒருமுறை. மந்திரவாதி மட்டும் எல்லாவற்றையும் செய்ய, வீரன் வாளை வீசிவிட்டுச் சும்மா நிற்பான் என்ற பழைய புகாருக்கு அது நேரான பதில்.

'இது டி அண்ட் டி மாதிரியே இல்லை' என்று பலர் விலகினார்கள். அடுத்த ஆண்டே மூன்றாம் பதிப்பின் வழியில் பாத்ஃபைண்டர் என்ற ஆட்டம் வந்து அவர்களில் நிறையப் பேரைச் சேர்த்துக்கொண்டது. இந்தக் குறை ரசனை. மந்திரம் என்றால் வாள்வீச்சிலிருந்து வேறுபட்டு, விசித்திரமாக, அடக்கமுடியாததாக இருக்க வேண்டும் என்பது ஒரு நியாயமான ஆசை. அந்தப் பெயரில் முப்பது வருடம் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதால் கோபமும் நியாயம். ஆனால் அது விதிகள் வேலை செய்யவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

இன்னொரு குறை: சண்டை இழுக்கிறது. இது பழுது. ஆரம்பத்தில் வந்த புத்தகங்களில் அசுரர்களுக்கு உயிர்ப்புள்ளிகள் அதிகம், அவர்கள் கொடுக்கும் அடி குறைவு. நல்ல சக்திகளை எல்லோரும் முதல் சில சுற்றுகளிலேயே செலவழித்துவிடுவார்கள். யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது, ஆனாலும் மிச்சமிருக்கும் அசுரன் சாகவில்லை. 'அதே அடி, பதினாலு, தொட்டதா? ஏழு உயிர் குறைந்தது, அடுத்து யார்?' என்று சுற்று சுற்றாகப் போகும், தன் முறை வராதவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். விறுவிறுப்பான சண்டை தருகிறேன் என்று சொன்ன ஆட்டம் தன் வாக்கையே தவறவிடும் இடம் அது. 2010-இல் வந்த மூன்றாம் மான்ஸ்டர் மேனுவல் என்ற அசுரர் தொகுப்பில் அசுரர்கள் கொடுக்கும் அடியை உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு அதே ஆட்டம் வேறு ஆட்டம் போல ஓடியது.

முதல் குறையைச் சொன்னவர்களுக்கு 'விதி சரிதான்' என்றும், இரண்டாவதைச் சொன்னவர்களுக்கு 'அது உங்கள் ரசனை' என்றும் பதில் போனால் சண்டை எப்படி ஓயும்?

ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதி மட்டும் தூள் கிளப்புகிறார், வீரன் மங்கிவிடுகிறான். இது பழுதா, ரசனையா?

இரண்டும் முழுசாகப் பொருந்தாது. இங்கே மூன்றாவதாக ஒன்று வருகிறது: மேசையின் பழக்கம்.

டி அண்ட் டியில் கேம் மாஸ்டரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். 2014-இன் டன்ஜன் மாஸ்டர் கையேடு, ஒரு நாளில் நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை ஒரு குழு தாங்கும் என்ற கணக்கை வைத்திருக்கிறது. மந்திரவாதியின் மந்திரங்கள் பெரும்பாலும் இரவு முழுத்தூக்கம் போட்டால்தான் திரும்ப வரும். வீரனின் முக்கியச் சக்திகள் ஒரு மணி நேர ஓய்விலேயே வந்துவிடும். எட்டு மோதல் உள்ள நாளில் மந்திரவாதி கஞ்சத்தனமாகச் செலவழிப்பார், வீரன் கடைசிவரை நின்று அடிப்பான், இரண்டும் சமமாகும்.

ஆனால் நம் மேசைகளில் ஒரு ஆட்ட நாளில் அரண்மனைக்குப் போய் நாலு பேரிடம் பேசி, துப்புத் துலக்கி, கடைசியில் ஒரே ஒரு சண்டை. மந்திரவாதி இருப்பதையெல்லாம் அதில் கொட்டுகிறார். என் கருத்தில் பெரிய பங்குப் பழி புத்தகத்தின் மேல்தான். எந்த நிபந்தனையில் சமநிலை இருக்கிறதோ அந்த நிபந்தனையை ஆட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும், கேம் மாஸ்டர் மட்டும் படிக்கும் புத்தகத்தில் ஒரு பத்தியாக விட்டுவைக்கக் கூடாது. அதே கையேட்டில் மருந்தும் இருக்கிறது. குறுகிய ஓய்வு 8 மணி நேரம், நீண்ட ஓய்வு 7 நாள் என்று மாற்றிக்கொள்ளும் ஒரு விருப்ப விதி உண்டு. வாரத்துக்கு ஒரு சண்டை, இரண்டு சண்டை என்று போகும் கதைகளுக்கு அதைப் போட்டுப் பாருங்கள், வீரன் தலைநிமிர்வான்.

துப்பறியும் ஆட்டத்தில் பகடை தோற்று, தடயமே கிடைக்காமல் கதை நின்றுவிட்டால்?

1981-இல் வந்த கால் ஆஃப் கதுலு ஆட்டத்தின் நாளிலிருந்து இருக்கும் கேள்வி. அதில் மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறமை 25 சதவீதத்தில் தொடங்கும். அடுத்த காட்சிக்குப் போக இருக்கும் ஒரே கடிதம் மேசை இழுப்பறையில், நாலு பேரும் உருட்டித் தோற்றுவிட்டார்கள். இப்போது என்ன?

ராபின் லாஸ் 2007-இல் எஸோடெரரிஸ்ட்ஸ் ஆட்டத்தில் கொண்டுவந்த கம்ஷூ முறை இதற்கு நேரடிப் பதில் தந்தது: சரியான திறமை உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும், பகடை கிடையாது. கிடைத்த தடயங்களை வைத்து என்ன யோசிக்கிறீர்கள் என்பதில்தான் ஆட்டம். அப்புறம் கதுலுவின் ஏழாம் பதிப்பிலும், தோற்ற பகடையை மறுபடி உருட்டலாம், இம்முறை தோற்றால் விளைவு மோசமாக இருக்கும் என்று ஒரு விதி வந்தது.

கதை நின்றுபோவது பழுது. ஆனால் அந்தப் பழுதில் ஒரு பகுதி கதையை எழுதியவருடையது, ஒரே கடிதத்தில் மொத்தக் கதையையும் தொங்கவிட்டவர் அவர்தான். மூன்று வழியில் தடயம் வைத்திருந்தால் பழைய விதியே போதும். தேடியும் கிடைக்காமல் போகலாம் என்ற பதைப்பு வேண்டுமா, வேண்டாமா என்பது மட்டும்தான் ரசனை. எனக்கு வேண்டும்.

'கேம் மாஸ்டர் சரிசெய்துகொள்ளலாமே' என்கிறார்களே?

சரிசெய்யலாம். நல்ல கேம் மாஸ்டர்கள் தினமும் செய்கிறார்கள். ஆனால் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்பதே அங்கே பழுது இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. ஒருவரின் கெட்டிக்காரத்தனத்தை எடுத்துப் புத்தகத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

நிறையப் பேர் விளையாடுகிறார்கள் என்றால் நல்ல வடிவமைப்பு என்றுதானே அர்த்தம்?

இல்லை. கடையில் கிடைப்பது, நண்பர்களுக்குத் தெரிந்திருப்பது, பெயர் எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆட்டம் பரவுகிறது.

வேண்டுமென்றே பலவீனமான தேர்வுகளை வைப்பது நல்ல வடிவமைப்பா?

இதில் என் நிலைப்பாடு உறுதியானது: கூடாது. டி அண்ட் டி மூன்றாம் பதிப்பில் டஃப்னெஸ் என்று ஒரு ஃபீட் உண்டு. அபூர்வமாகக் கிடைக்கும் ஒரு தேர்வைச் செலவழித்தால் 3 உயிர்ப்புள்ளி கிடைக்கும். முதல் நிலையில் நோஞ்சான் மந்திரவாதிக்கு அது உயிர், பத்தாம் நிலை வீரனுக்கு அது ஒன்றுமே இல்லை. புதிதாக வருபவர் 'திடமான வீரன் வேண்டும்' என்று ஆசைப்பட்டு அதைத்தான் எடுப்பார்.

அந்தப் பதிப்பின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான மான்டி குக் பின்னாளில் இதை வெளிப்படையாக எழுதினார். விதிகளைக் கற்றுத் தேர்ந்தவருக்குப் பலன் இருக்க வேண்டும் என்று நினைத்து, எது எங்கே உதவும் என்று விளக்காமல் விட்டார்களாம். அது முழுக்க நல்ல யோசனை என்று இப்போது நினைக்கவில்லை என்றும் அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கற்றவருக்குப் பரிசு கொடுங்கள், தாராளமாக. ஆனால் அந்தப் பரிசைக் கற்காதவரின் பையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். பெயரைப் பார்த்து நம்பி எடுத்தவர் ஒரு வருடம் அந்தப் பாத்திரத்தோடு வாழப்போகிறார்.

நானே ஒரு ஆட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'பிடிக்கவில்லை' என்பவரிடம் என்ன கேட்பது?

அவரோடு வாதாட வேண்டாம். எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று மட்டும் கேளுங்கள். 'இரண்டாவது சண்டையில் என் முறை வரவே இல்லை' என்றால் அது உங்கள் வேலை, குறித்துக்கொள்ளுங்கள். 'சண்டையே எனக்கு வேண்டாம்' என்றால் அவர் உங்கள் வாசகர் இல்லை, நன்றி சொல்லி விடைகொடுங்கள், விதியை மாற்றாதீர்கள்.

அதைவிட நல்ல சோதனை, உங்களைத் தெரியாத ஒரு குழுவிடம் எழுதியதை மட்டும் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் ஓரமாக உட்காருவது. அவர்கள் தப்பாக விளையாடும்போது திருத்தக் கை பரபரக்கும், திருத்தக் கூடாது. எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள், எந்த விதியைக் கேட்காமலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் விட்டுவிட்ட விதி இல்லாமலேயே ஆட்டம் நன்றாக ஓடியிருந்தால், அடுத்த வரைவில் அதை வெட்டுங்கள்.